வாடகையில்லா வீட்டின் விலை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாய்மொழி. வளை சிறிதாயிருப்பதில் குறையொன்றும் இல்லை. அது தனக்கென்று இருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். இந்நாட்டுத் தோட்டப்புறத் தமிழரின் வாழ்க்கையை இந்தப் பழமொழியைக் கொண்டு அளந்து பார்ப்போமாயின் ஒரு விந்தை புலப்படும். மூன்று நான்கு தலைமுறையாக அவர்கள் வீடில்லாமல் இருந்ததில்லை. அவ்வீட்டுக்கு வாடகை கொடுத்ததுமில்லை. ஆயினும் அவர்களில் மிகப் பலர் முதுமை எய்தும் நாளில்தான் வாழ்க்கையில் முதன்முறையாக வீடு தேடத் தொடங்குகின்றனர்.

கோலா தெர்லா, கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிற்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே சாலையோரம் அமைந்த சிற்றூர். 'கோலா' என்னும் மலாய்ச் சொல் ஆறு கூடும் முகத்தைக் குறிக்கும். தெர்லா ஆற்றின் பெயரே ஊரின் பெயராயிற்று. ஒருபுறம் தேயிலை, ஒருபுறம் காய்கறிக் கொட்டகைகள், நடுவே சில வரிசைக் கடைகள். சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் என் உறவில் அத்தை முறையாகும் ஒரு மூதாட்டிக்காக வாடகைவீடு தேடிச் சென்றேன். இம்மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். கணவர் மறைந்துவிட்டார், பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டனர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

கடைவீட்டு மேல்மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும் காட்டினார்கள். மாத வாடகை அறுநூறு வெள்ளி. இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதப் பணம், முதல் மாத வாடகை ஆகியவற்றைச் சேர்த்துக் குடிபுகும் நாளிலேயே இரண்டாயிரத்து நூறு வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். அத்தை என்னைப் பார்த்தார்.

"தம்பி, இத்தனை வருசம் குடியிருந்த வீட்டுக்கு நான் ஒரு காசு வாடகை கட்டலியே. கட்டியிருந்தா இப்ப என்னைப் போகச் சொல்லியிருக்க மாட்டாங்களோ?"

அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

மலை திறந்த வரலாறு

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங், பேராக் எல்லை மலைகளை ஆராய்ந்தபோது மேட்டுநிலப் பரப்பொன்றைக் கண்டதாகக் குறித்தார். அதன்பின் நாற்பதாண்டுக் காலம் அம்மேட்டுநிலம் பெரும்பாலும் பெயரளவிலேயே இருந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகே மலையைத் திறக்கும் முயற்சி உறுதிப்பட்டது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931-இல் வந்து சேர்ந்தது.

சாலை முடியுமுன்னரே தேயிலை வந்துவிட்டது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் நிலம் பெற்றுப் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைப் பயிரில் பழகிய மில்ன் என்பவர் அவருக்குத் துணை நின்றார். இலங்கை மலையகத்திற்கும் கேமரன் மலைக்கும் உள்ள தொடர்பு அன்றே ஏற்பட்டது. செடி வைக்கும் முறையும் கொழுந்து கிள்ளும் முறையும் மட்டுமல்ல, தொழிலாளியைக் குடிவைக்கும் முறையும் அத்தொழிலோடு கூடவே வந்தது. அம்முறையின் பெயரே லயம்.

லயம் எழுந்த காரணம்

லயத்தின் வரலாறு கேமரன் மலையைவிட மூத்தது. கரும்பும் காப்பியும் பயிரான பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சஞ்சிக்கூலிகளுக்கென்று கொட்டகைகள் எழுந்தன. அத்தாப்புக் கூரை, பலகைச் சுவர், ஒரே நீளத்தில் அடுத்தடுத்த அறைகள், முன்னே ஒரு தாழ்வாரம் என்பதே அதன் அமைப்பு. சஞ்சி முறை 1910-இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறை அந்த இடத்தைப் பிடித்தது. ஊரிலிருந்து உறவினரையும் ஊராரையும் கங்காணி அழைத்து வந்தார். ஆட்கள் பெருகினர், லயங்களும் நீண்டன.

தோட்ட நிர்வாகம் வீடு கட்டிக் கொடுத்ததற்கு இரக்கம் காரணம் அன்று. காட்டை வெட்டித் திறந்த இடத்தில் கடையில்லை, ஊரில்லை, வாடகைக்கு விட ஒருவருமில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் நிற்க வேண்டுமாயின் ஆள் அங்கேயே படுத்து எழ வேண்டும். இதற்கு மேல் மலேரியாக் காய்ச்சலும் ஒரு காரணம். 1901-ஆம் ஆண்டளவில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் கொசுவை ஒழித்துக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார். நோயுற்ற தொழிலாளியால் வரும் இழப்பு, நல்ல கொட்டகைக்கு ஆகும் செலவைவிட மிகுதி என்பதைத் தோட்ட முதலாளிகள் மெல்ல உணர்ந்தனர். பின்னர் வந்த தொழிற்சட்டங்கள் லயத்துக்கும் குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் விதி வகுத்தன. அவ்விதிகள் அனைத்தும் சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசின. உள்ளே குடியிருப்பவனின் உரிமையைப் பற்றி அவை பேசவில்லை.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்தார். கங்காணி வழி ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட வேண்டும் என்பது 1937-இல் அவர் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று. 1938-இல் இந்திய அரசு, உதவித்தொகை பெற்றுக் கூலிகளாகக் கப்பலேறுவதைத் தடை செய்தது. அதன் விளைவு ஊன்றி நோக்கத்தக்கது. அதுவரை வருவாரும் போவாருமாக இருந்த கூட்டம் அதன்பின் இங்கேயே பிறந்து இங்கேயே வளரும் குடும்பங்களாக மாறத் தொடங்கியது. ஆயினும் லயம் மாறவில்லை. சில ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பும் ஒற்றை ஆளை மனத்திற்கொண்டு கட்டிய அமைப்பிலேயே பாட்டனும் தந்தையும் பேரனும் குடியிருந்தனர்.

முள்வேலிக்கு இருபுறமும்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. போர் முடிந்து மூன்றாண்டு கழியுமுன் 1948-இல் அவசரகாலம் பிறந்தது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களில் குடியிருந்த ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். கேமரன் மலையிலும் அத்தகைய குடியேற்றங்கள் உண்டு.

தோட்டத் தமிழரும் அக்காலத்தில் இடம் மாற்றப்பட்டனர். சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி அடைத்தனர். வெளியே செல்வதற்கும் சோற்று மூட்டை கொண்டு போவதற்கும் கட்டுப்பாடு வந்தது. வேலி இருவர்க்கும் ஒன்றே. வேலிக்குள் கிடைத்ததுதான் வேறு. புதுக்கிராமத்தார் வன்முறையாகப் பெயர்க்கப்பட்டார்கள்; பெருந்துன்பம் அடைந்தார்கள். ஆயினும் அவர்களுக்கு அரசு நிலத்தில் ஒரு வீட்டு மனை அளந்து தரப்பட்டது. காலப்போக்கில் அம்மனைகளில் பல குத்தகை நிலங்களாயின. பிள்ளைகள் அங்கே கல்வீடு கட்டினர். தோட்டத் தமிழன் பெயர்க்கப்பட்டதோ தோட்டத்துக்குள்ளேயே. பழைய லயத்திலிருந்து புதிய லயத்துக்குப் போனான். அவனுக்கு ஓரடி நிலமும் அளக்கப்படவில்லை.

1956-இல் தொடங்கிய பெல்டா நிலக் குடியேற்றத் திட்டமும் நிலமற்றோர்க்கு நிலமும் வீடும் தந்தது. பகாங் மாநிலத்தில் பெருங்காடுகள் அதற்கெனத் திறக்கப்பட்டன. தோட்டத்துத் தமிழர் அதில் இடம்பெற்றது மிகச் சிறிய அளவிலேயே. நாட்டில் நிலமற்ற ஏழைக்கு மனை கிடைத்த இரண்டு பெரிய வாய்ப்புகளிலும் தோட்டப்புறம் ஒதுங்கியே நின்றது. வீடுள்ளவனுக்கு வீடு எதற்கு என்ற எண்ணம் பலரிடம் இருந்திருக்கலாம். லயத்தை வீடென்று கணக்கிட்டதனால் வந்த முதற் பிழை இதுவே எனலாம்.

1966: ஓராண்டில் இரு சட்டங்கள்

நம் வினாவுக்கு நேரான விடை 1966-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. அவ்வாண்டில் குடியிருப்பைப் பற்றிய இரண்டு சட்டங்கள் இந்நாட்டில் வந்தன.

ஒன்று, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில் குடியிருப்போரை அது காத்தது. வாடகையை விருப்பம்போல் உயர்த்த இயலாது. சட்டம் கூறிய காரணமின்றி வெளியேற்றவும் இயலாது. பினாங்கிலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பழைய கடைவீடுகளில் குடியிருந்த எளிய மக்கள், அவர்களுள் தமிழரும் பலர், இந்தச் சட்டத்தின் நிழலில் குறைந்த வாடகையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர்.

மற்றொன்று, தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம். தோட்ட லயங்களுக்குரியது இதுவே. அறை எத்தகையது, நீர் எவ்வாறு வரவேண்டும், கழிப்பிடம் எங்கே அமையவேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. பழைய நெடுங்கொட்டகைகள் குறைந்து, இரட்டை வீடுகளும் தனி வீடுகளும் எழுந்தன. 1990-இல் வேறொரு சட்டம் இதன் இடத்துக்கு வந்தது. 2019-இல் அது திருத்தப்பட்டுத் தோட்டமல்லாத தொழில்களுக்கும் விரிந்தது.

இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதற்சட்டம் மனிதனை நோக்கிப் பேசிற்று; குடியிருப்பவனை எளிதில் வெளியேற்றாதே என்றது. இரண்டாம் சட்டம் கட்டடத்தை நோக்கிப் பேசிற்று. வீட்டைச் செம்மையாகக் கட்டு என்றது. கட்டிய வீட்டில் அவன் எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கு விடை வேலை ஒப்பந்தத்தில் இருந்தது. வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சட்ட நோக்கில் லயத்துத் தொழிலாளி வாடகையாளன் அல்லன். வேலையின் பொருட்டு இடம் கொடுக்கப்பட்டவன். நாட்டின் நிலச் சட்டம் மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை உடன்பாடு வாய்மொழியாக இருந்தாலும் ஏற்கிறது. கடைத்தெருவில் வாய்ப்பேச்சில் அறை எடுத்தவனுக்கும் வாடகையாளன் என்ற பெயர் உண்டு. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே நரைத்தவனுக்கு அப்பெயர் இல்லை.

அவ்வாறாயின் அத்தை ஒரு காசும் கட்டவில்லை என்பது மெய்தானா? சம்பளப் பேச்சு எழுந்தபோதெல்லாம், வீடும் தண்ணீரும் இலவசமாகக் கொடுக்கிறோமே என்னும் மறுமொழி தோட்டப்புறத்தில் பழகிய ஒன்று. வெளியுலகத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையே கூலியில் இருந்த வேற்றுமைக்கு அந்த வீடே நியாயமாகக் காட்டப்பட்டது. 2003-ஆம் ஆண்டிலுங்கூடத் தோட்டத் தொழிலாளர்க்குப் பேசி முடிக்கப்பட்ட மாத அடிப்படைச் சம்பளம் 350 வெள்ளியாகவே இருந்தது. 2013-இல் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக நடைமுறைக்கு வந்த பின்னரே பெரும் மாற்றம் ஏற்பட்டது. எனவே கையில் வராத கூலியாக அவர் மாதந்தோறும் வாடகை கட்டித்தான் வந்தார். அதற்கு ரசீது தருவார் மட்டும் ஒருவருமில்லை.

துண்டாடலும் கூட்டுறவும்

லயத்து வீட்டின் நிலையாமை ஐம்பதுகளின் பிற்பகுதியிலேயே வெளிப்பட்டது. நாடு விடுதலை பெறும் வேளையில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிலைக்கு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அது பெயர் பெற்றது. துண்டு நிலத்தை வாங்கியவருக்கு லயத்து மக்களைப் பற்றிய கடமை எதுவுமில்லை. நிலத்தின் மேலிருந்த மரம் விலை போயிற்று. மரத்தின் அடியில் வாழ்ந்தவன் கணக்கில் வரவில்லை.

அவ்வேளையில் எழுந்ததே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தைக் கொண்டு அதை அமைத்தார். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. விற்பனைக்கு வந்த தோட்டத்தை அதில் உழைப்பவர்களே வாங்குவது என்னும் எண்ணம் அந்நாளில் பெரும் புரட்சி. சங்கம் பல தோட்டங்களைக் காத்தது. எல்லாத் தோட்டங்களையும் காக்க அதனால் இயலவில்லை.

அறுபதுகளின் இறுதியில் மற்றோர் இடி விழுந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை பெறாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டிய நிலை வந்தது. சுமார் அறுபதாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். எஞ்சியோரில் பலர் சிவப்பு அடையாளக் கார்டுடனேயே காலங்கழித்தனர். குடிமகனுக்கே அரசு வீடு என்று விதி இருக்கும்போது, இந்தச் சிவப்பு நிறம் வேலையை மட்டுமன்றி வருங்கால வீட்டையும் அவர்களிடமிருந்து பறித்தது.

பட்டணம் நோக்கி

எண்பதுகள் தொடங்கிப் பால்மரத் தோட்டங்கள் செம்பனையாயின. பட்டணத்தை அடுத்தவை வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் ஆயின. இடம்பெயர்ந்தோர் மூன்று இலட்சம் பேர் என்று பரவலாக ஒரு மதிப்பீடு சொல்லப்படுகிறது. அவர்கள் வேலையோடு வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள் என்பதே இங்குக் கருதத்தக்கது. பட்டணத் தொழிலாளிக்கு வேலை போனால், அடுத்த மாத வாடகைக்குள் வேறு வேலை தேடலாம். தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஒரு மாதமும் இல்லை. ஆகவே பலர் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டினர்.

அரசு மலிவு விலை வீடுகளுக்கு வழி வகுக்காமல் இல்லை. 1982-இல் மலிவு வீட்டின் விலை 25,000 வெள்ளி என வரையறுக்கப்பட்டது. 1998-இல் இடத்திற்கேற்ப 42,000 வெள்ளி வரை அது உயர்ந்தது. பின்னர் வந்த மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளி என்னும் எளிய தொகையாக அமைந்தது. ஆனால் அந்த அடுக்குமாடிகள் பெரும்பாலும் பெருநகரங்களைச் சார்ந்து எழுந்தவை. தேயிலை மலையில் ஓய்வு பெற்றவர்க்கு அந்த 124 வெள்ளி வீடு நெடுந்தொலைவில் இருந்தது.

இதற்கிடையே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் மறைந்தது. 1997-இல் அது நீக்கப்பட்டது. இடைக்காலம் முடிந்து 2000-ஆம் ஆண்டின் முதல் நாள் தொட்டுப் பழைய கட்டடங்களின் வாடகை சந்தை விலையாயிற்று. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் தலைமுறைகளாகக் குடியிருந்த பல குடும்பங்கள் வெளியேறின. ஆகவே, வாடகை கட்டியிருந்தால் போகச் சொல்லியிருக்க மாட்டார்களோ என்னும் வினாவுக்கு, 1999 வரை ஒரு விடையும் அதற்குப் பின் வேறொரு விடையும் சொல்ல வேண்டியுள்ளது. வாடகை கொடுப்பதனால் மட்டும் உறுதி வந்துவிடாது. குடியிருப்பவனைக் காக்கும் சட்டம் இருந்தாலன்றி ரசீதும் வெறுந்தாளே.

தாளும் உறுதியற்றதாயின் என்ன நேரும் என்பதற்குப் பினாங்கின் கம்போங் புவா பாலா ஒரு சான்று. ஹெலன் பிரவுன் குடும்பத்தின் நிலத்தில் உழைத்தவர்களின் வழிவந்த தமிழர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த சிற்றூர் அது. தலைமுறைகள் பல கடந்தும் அவர்கள் கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமமே. நிலம் கைமாறியது, வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றது. 2009-இல் அவ்வூர் இடிக்கப்பட்டது. நூற்றாண்டுக் காலக் குடியிருப்பும் 'தற்காலிகம்' என்னும் ஒரு சொல்லின் முன் நில்லாமற் போயிற்று.

மலையின் இன்றைய நிலை

இனி மீண்டும் மலைக்கு வருவோம். கேமரன் மலை மாவட்டம் 712 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இத்துணைப் பரப்பில் இச்சிறு கூட்டத்துக்கு வீடு கிடைப்பது அருமை என்றால் வெளியூரார் நம்ப மாட்டார்கள். ஆனால் மலையில் பெரும்பகுதி காடும் சரிவுமாகும். சமமான இடம் சிறிது; அச்சிறிதிலும் தேயிலையும் காய்கறியும் விடுதியும் போட்டியிடுகின்றன.

சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் புதுச்சாலை வந்தபின் வடபகுதியாகிய நம்மூர்ப் பக்கமும் வார இறுதி விருந்தினர் பெருகினர். ஒரு மாத வாடகையை இரண்டு மூன்று இரவுகளில் ஈட்ட முடியுமாயின், வீட்டுக்காரர் மாதக் குடியை ஏன் விரும்புவார்? கடைவீட்டு மேல்மாடிகளையோ, காய்கறித் தோட்டக்காரர்கள் தங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்க்காக மொத்தமாக எடுத்துக்கொள்கின்றனர். பலர் கூடித் தங்கும் அறையில் தலைக்கு இவ்வளவென்று வாங்கும்போது கிடைக்கும் தொகையைத் தனியொரு மூதாட்டி எங்ஙனம் கொடுப்பார்? அவர்மீதும் நாம் குறை கூறவியலாது. கடல் கடந்து வந்து, பத்துப்பேர் அறையில் படுத்து, வீட்டுக்குப் பணம் அனுப்பும் அந்த வங்காளதேசத்து, நேப்பாளத்து இளைஞனின் நிலையிலேயே நம் பாட்டனும் இந்நாட்டில் வந்திறங்கினான்.

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தார்க்கு மட்டுமே என்று குறிப்பதும், தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன் வீடு போய்விட்டது என்பதும் இந்நாட்டில் பலரறிந்த வழக்கம். வாடகையாளர்க்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்னும் கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணம். முன்பணத்தைத் திரட்டினாலும் பெயரை எங்கே கொண்டு மறைப்பது?

மலிவாகக் கிடைக்கும் இடங்களோ ஆபத்தின் விளிம்பில் உள்ளவை. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் ரிங்லெட் அணையிலிருந்து நள்ளிரவு கடந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் பலியாயின. 2014 நவம்பரில் சேற்று வெள்ளம் மீண்டும் உயிர்களைக் கொண்டது. காடு அழிந்ததும் ஆறு தூர்ந்ததும் காரணங்கள் என்பர். ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள் அழகைக் கண்டு அங்கே போனவர்கள் அல்லர். வாடகை அங்கேதான் கைக்கெட்டியது.

தமக்கென ஒரு துண்டு நிலம் தேடியவர்களின் கதையும் உறுதியற்றதே. கேமரன் மலையின் காய்கறி நிலங்களில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் நிற்பவை. சில, உரிமமே இல்லாதவை. 2019-ஆம் ஆண்டு ஜூலையில் கோலா தெர்லாவின் சுங்கை இச்சாட் பகுதியில், பல ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தவர்களின் காய்கறித் தோட்டங்கள் அகற்றப்பட்டன. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டும் என்பது அதிகாரிகள் தரப்பு. எங்கள் வாழ்நாள் உழைப்பு என்பது பயிரிட்டோர் தரப்பு. மலைக்கே குடிநீர் தரும் நிலையம் இவ்வூரில் இருப்பதால் நீரைக் காக்க வேண்டுவது உண்மையே. ஆயினும் நீரைக் காக்கும் ஒவ்வொரு முறையும் தாளில்லாதவனே முதலில் பெயர்க்கப்படுகிறான் என்பதும் உண்மையே.

மலையகம் காட்டும் வழி

தேயிலையோடு லயமும் பரவிய மற்றொரு மலையை நோக்குவோம். இலங்கை மலையகத்தில் லயக் காம்பரா என்பது நம் லயத்தினும் பழமையானது. அங்கும் வேலையோடு வீடு, வீட்டோடு வேலை என்பதே நெடுங்கால நிலை. ஆயினும் 2015-க்குப் பின் அங்கே ஒரு கொள்கை உருப்பெற்றது. தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தோடு தனி வீடு என்பதே அது. இந்திய அரசு முன்னர் ஏற்ற 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக 2017-இல் அறிவித்தது. தேவையோ அதனினும் பன்மடங்கு. வேலையும் மெதுவாகவே நடந்தது. எனினும் வீட்டை வேலையிலிருந்து பிரித்து, நிலத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கம் அங்கே பிறந்துவிட்டது. நம்மிடமுள்ள சட்டங்களோ இன்றும் வேலை செய்பவனின் வீட்டைப் பற்றியே பேசுகின்றன. வேலை செய்து முடித்தவனின் வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

தோட்டங்கள் நாட்டுக்குச் செல்வம் ஈட்டித் தந்தவை. நிலம் மாநிலத்தின் பொறுப்பு. தொழிலாளர் நலம் மத்திய அரசின் பொறுப்பு. இலாபம் கம்பெனியின் உடைமை. மூன்றுக்கும் நடுவே ஓய்வு பெற்ற தொழிலாளி நிற்கிறான். தோட்ட நிலத்தின் ஒரு மூலையிலோ அடுத்துள்ள சிற்றூரிலோ, இத்தனை ஆண்டு உழைத்தவர்க்கு இன்ன விலையில் ஒரு வீடு என்று வேலையில் சேரும் நாளிலேயே எழுதி வைப்பது இயலாத செயலன்று. உழைத்த ஆண்டுகளைச் சேமநிதிக்குக் கணக்கிடும் வழக்கம் 1951 முதல் இந்நாட்டில் இருக்கிறது. அதே ஆண்டுகளை வீட்டுக்கும் கணக்கிடலாகாதா?

நம் பங்கும் ஒன்றுண்டு. வாடகைக்குப் போகும் நம் மக்கள் உடன்பாட்டை எழுத்தில் பெறவும், முன்பணத்துக்கும் மாதப் பணத்துக்கும் ரசீது கேட்கவும் பழக வேண்டும். கேட்டால் வீட்டுக்காரர் மனம் கோணுவாரோ என்னும் அச்சம், துரையின் முன் கைகட்டி நின்ற நாளின் எச்சமாகும்.

முடிவாக அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கடைவீட்டு அறை அவருக்குக் கிடைத்தது. பிள்ளைகள் முன்பணத்தைப் பகிர்ந்து கொடுத்தனர். முதல் மாத வாடகை கட்டிய அன்று வீட்டுக்காரர் எழுதித் தந்த ரசீதை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுல என் பேரு இருக்கா?"

"இருக்கு அத்தை."

அவர் அதை நான்காக மடித்து, அடையாளக் கார்டு வைத்திருந்த பையிலேயே வைத்துக்கொண்டார். முப்பத்தெட்டு ஆண்டு கட்டிய வாடகைக்குக் கிடைக்காத ரசீது, ஒரு மாத வாடகைக்குக் கிடைத்தது. அடுத்த தலைமுறை அந்தச் சிறு தாளோடு நின்றுவிடாமல் தன் பெயரெழுதிய நிலப்பட்டாவையும் கையில் வாங்க வேண்டும்.